பதினைந்து நிமிடம் முன்னால் ஓடிய கடிகாரம்

திரிபுரசுந்தரி ரயிலைத் தவறவிட்டாள் என்று இன்றைக்குச் சொன்னாலும் எங்கள் ஆபீஸில் ஒருத்தர்கூட நம்பமாட்டார்கள். "போ அருள்மேரி, கதை விடாதே" என்பார்கள். அன்றைக்கு நானே நம்பவில்லையே!

தாம்பரத்திலிருந்து எழும்பூருக்கு ஒரே லேடீஸ் பெட்டியில் பதினொரு வருஷம் போய்வந்தவர்கள் நாங்கள். நான் இரும்புலியூர், அவள் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு காலனி. இரண்டு பேருக்கும் டைப்பிஸ்ட் வேலை. சுந்தரி நாலரைக்கு எழுந்து, தண்ணீர் பிடித்து, இரண்டு வேளைச் சமையலையும் முடித்து, கணவர் ஸ்ரீநிவாசனை எழுப்பி, அவருக்கு வெந்நீர் வைத்து, டிபன் கட்டிக் கொடுத்துவிட்டு, ரயிலுக்கு இரண்டு நிமிடம் முன்னால் பிளாட்பாரத்தில் நிற்பாள். முகத்தில் ஒரு சொட்டு வியர்வை இருக்காது. மூச்சிரைக்க ஓடிவரும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவள் வீட்டுச் சுவர்க் கடிகாரம் பதினைந்து நிமிடம் முன்னால் ஓடும். அவளே தள்ளி வைத்ததுதான். ஆனால் மணியைப் பார்த்ததுமே மனசுக்குள் பதினைந்தைக் கழித்துவிடுவாள்.

"இன்னாத்துக்கு சுந்தரி முன்னாடி தள்ளி வெச்சுகினு, அப்பால கழிக்கிறே?" என்று கேட்டேன்.

"அப்படியே பழகிப்போச்சுடி" என்றாள்.

எண்பத்தெட்டில் பதவி உயர்வுக்கான தேர்வு வந்தது. அவளுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. அடுத்த வருஷம் வயது தாண்டிவிடும். ஒரு வருஷமாக ரயிலிலேயே படித்தாள். கூட எழுதப்போகிற எனக்கும் சொல்லிக்கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை, எழும்பூரில் ஒரு பள்ளிக்கூடம், எட்டே முக்காலுக்கு கேட் மூடிவிடுவார்கள்.

ஏழு ஐம்பத்திரண்டு ரயிலில் அவளைக் காணவில்லை. வேறு பெட்டியில் ஏறியிருப்பாள் என்று நினைத்தேன். பரீட்சை ஹாலிலும் அவள் இடம் காலி. எழுதிவிட்டு வெளியே வந்தால், ஐயோ, கேட்டுக்கு வெளியே நடைபாதையில் உட்கார்ந்திருக்கிறாள்! மடியில் ஹால் டிக்கெட்.

"ஸ்டேஷன் கடிகாரம்தான் தப்பா ஓடறதுன்னு நினைச்சேன். அங்கே இருந்தவர்கிட்ட சண்டைகூடப் போட்டேன்" என்றாள். "காலையில பால்காரர் சீக்கிரமா வந்தப்போ, நல்ல சகுனம்னு சந்தோஷப்பட்டேன், அருள்."

அவள் வீட்டுக் கடிகாரத்தில்தான் ஏதோ கோளாறு என்று எனக்குப் பட்டது. அவள் கைக்கடிகாரம் ரிப்பேர் கடையில் கிடந்தது. ஸ்ரீநிவாசன் கடிகாரமே கட்டமாட்டார், கட்டினால் கை அரிக்குமாம். அந்த வீட்டுக்கே மணி காட்டியது அந்தச் சுவர்க் கடிகாரம் ஒன்றுதான்.

அவளைத் தனியாக அனுப்ப மனசு வராமல் கூடவே போனேன். ஸ்ரீநிவாசன் வாசலிலேயே சிரித்த முகமாக நின்றார்.

"எப்படி எழுதினே சுந்தரி? பரீட்சை நாள்ல தப்பான டைம் பார்த்துட்டுப் போயிடப் போறியேன்னு, நேத்து சாயந்தரமே ரேடியோவைக் கேட்டு கடிகாரத்தை கரெக்டா வெச்சுட்டேன். பாத்தியோ?"

சரியான மணியிலிருந்தும் பதினைந்தைக் கழித்திருக்கிறாள்! சுந்தரி கத்தவில்லை, அழவில்லை.

"அது எப்பவுமே கால் மணி முன்னாடி ஓடும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"எப்பவுமேவா?" அவர் நிஜமாகவே விழித்தார். "ஏதோ ரிப்பேர்னுல்ல நினைச்சேன்! நான் எங்கே மணி பார்க்கறேன்? நீதானே எழுப்பறே, நீதானே டைம் ஆச்சுன்னு சொல்றே."

பதினொரு வருஷம்! ஒரு மனுஷன் நேற்றுவரை தன் வீட்டுக் கடிகாரத்தை ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்காமல் ஆபீஸ் போய் வந்திருக்கிறார். வாயில் வந்ததை எல்லாம் நான் திட்டியிருப்பேன். சுந்தரி என் கையைப் பிடித்து அழுத்தியதால் கிளம்பி வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை வழக்கம்போல ரயிலுக்கு இரண்டு நிமிடம் முன்னால் பிளாட்பாரத்தில் நின்றாள்.

"உங்க வூட்டுக்காரர் இன்னா சொல்றாரு?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"தூங்கறார்" என்றாள். "நான் எழுப்பலை."