குட்டி டிராக்டருக்கு டயர் பார்த்தோம்

டயர் கடைக்கு யோசனை கேட்டு வருகிறவர்கள் குறைவு. வீட்டிலேயே முடிவு செய்துவிட்டு, அதற்கு நாம் தலையாட்டுகிறோமா என்று பார்க்க வருகிறவர்கள்தான் அதிகம்.

எழுபதுகளின் கடைசியில் மலேசியாவின் தானா ராத்தாவில் ஒரு டயர் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். அதுவரை கேமரன் மலையில் லோரி டயர், ஜீப் டயர், அவ்வளவுதான். பிறகு ஜப்பானிலிருந்து குட்டி டிராக்டர் வந்து இறங்கியது. ஆள் ஏறி உட்கார்ந்தால் முழங்கால் நெஞ்சில் இடிக்கும். அதற்கு டயர் மூன்று வகை. புல்தரைக்கு வழவழப்பானது, தார் ரோட்டுக்கு நெருக்கமாகக் கட்டை வைத்தது, சேற்றுக்கு ஆழமான பல் வைத்தது. எதற்கு எது என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் புரியும். வாங்க வந்தவர்கள்தான் பெரியவர்களாகப் போய்விட்டார்கள். கவுண்டருக்குப் பின்னால் நின்று, முகத்தில் சிரிப்பும் வயிற்றில் எரிச்சலுமாகப் பிழைத்த எல்லாரும் கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்காருங்கள். உங்களுக்கு நான் சொல்வது புரியும்.

கோபிஸ் அளவு

கியா பார்மில் முட்டைக்கோஸ் பயிரிடும் ஆ லியோங், குட்டி டிராக்டர் வாங்கிய முதல் ஆட்களில் ஒருவர். தமிழ் ஆட்களோடு வேலை செய்து செய்து நம்மைவிட வேகமாகத் தமிழ் பேசுவார். பாத்திகளுக்கு நடுவே ஓடுகிற மாதிரி ஒல்லியான டயர் வேண்டும் என்றார். இடைவெளி எவ்வளவு என்று கேட்டேன். அளக்கவில்லை, ஆனால் கோபிஸ் கொண்டுவந்திருக்கிறேன் என்றார். சொன்ன கையோடு வேனிலிருந்து கூடையை இறக்கி, கடை வாசலில் இரண்டு வரிசையாக முட்டைக்கோஸை அடுக்கினார். தோட்டத்தில் இருக்கிற அதே இடைவெளிதான் என்று சத்தியம் வேறு செய்தார். பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் எல்லாம் வந்து சுற்றி நின்றுவிட்டார்கள். ஓர் அம்மா கிலோ என்ன விலை என்று என்னிடம் கேட்டார்.

கடையில் இருந்த டயரை ஒவ்வொன்றாகக் கோபிஸுக்கு நடுவே உருட்டினேன். ஒன்று இடித்தது, ஒன்று நசுக்கியது. கடைசியில் ஒரு டயர் எந்த இலையையும் தொடாமல் ஓடி வாய்க்கால் ஓரத்தில் போய் விழுந்தது. கூட்டம் கைதட்டியது. ஒரு வழியாக முடிந்ததே என்று நான் பில் போட உட்கார்ந்தேன். ஆ லியோங் நகரவில்லை. குனிந்து கோபிஸைப் பார்த்தார், டயரைப் பார்த்தார், பிறகு நிதானமாகக் கூடையில் திரும்ப அடுக்கத் தொடங்கினார்.

"இது சின்ன கோபிஸ் லா. அடுத்த மாசம் பெருசாவும். அப்பக் கொண்டாறேன், இன்னொரு தடவ உருட்டிப் பாத்துருவோம்."

துரையின் புல்தரை

இனிமேல் சொல்வதெல்லாம் ஒரே டிராக்டரைப் பற்றியது. என் தலைமுடியில் பாதி அதனால்தான் போனது.

லெம்பா பெர்த்தாம் போகிற பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே மானேஜர் வெள்ளைக்காரர் இல்லை, ஈப்போக்காரர், நம் தமிழ்தான். ஆனாலும் மானேஜர் என்றால் துரை. அவர் வாங்கிய குட்டி டிராக்டருக்கு இரண்டு வேலை. தினமும் கீழ்க்காட்டிலிருந்து கொழுந்தை ஏற்றிக்கொண்டு செங்குத்து மண் பாதையில் மேலே தொழிற்சாலைக்கு வர வேண்டும். சனிக்கிழமை மட்டும் துரையின் பங்களாவில் புல் வெட்ட வேண்டும். பங்களா வராந்தாவில் உட்கார்ந்தால் புல்தரை தெரியும், கீழ்க்காடு தெரியாது. ஆகவே துரை கேட்டது புல் டயர். முதல் மழையில் டிராக்டர் கொழுந்தோடு பாதி மலை ஏறி, அப்படியே வழுக்கிக்கொண்டு புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றது.

அதை ஓட்டியவன் அருளப்பன். அதற்கு முன் முதுகில் டாங்கி சுமந்து களைக்கு மருந்தடித்தவன், இருமி இருமி ஒல்லியானவன். டிரைவர் ஆனதும் அவனுக்கு ரிங்லெட் பக்கம் ஒரு பெண் பேசியிருந்தார்கள். பெண்ணின் அப்பா சூசை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: டிரைவருக்குத்தான் பெண், மருந்தடிக்கிறவனுக்கு இல்லை. துரையோ, மாதக் கடைசிக்குள் டிராக்டர் மழையில் மலை ஏறாவிட்டால் அதைக் கீழ்நாட்டுத் தோட்டம் ஒன்றுக்கு அனுப்பிவிட்டு, கொழுந்துக்கு லோரி வைத்துக்கொள்ளப் போவதாகச் சொல்லிவிட்டார். அப்படியென்றால் அருளப்பன் திரும்பவும் மருந்து டாங்கிக்கு. அவனுடைய கல்யாணம் இப்படி என் கடை டயரில் வந்து மாட்டிக்கொண்டது. நான் துரையைப் பார்த்து, சேற்று டயர்தான் வேண்டும், ஆனால் அதன் பல் உங்கள் புல்தரையை உழுதுவிடும் என்று உள்ளதைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே வெகுநேரம் யோசித்தார்.

"ஒரு பக்கம் புல் டயரு, ஒரு பக்கம் சேத்து டயரு போட்டா ரெண்டு வேலையும் ஆயிடுமே தம்பி. ஏன் இது வரைக்கும் யாருக்கும் இது தோணல?"

காற்றுக்குப் பஞ்சம்

அப்படி மாட்டினால் டிராக்டர் வட்டமடிக்கும் என்று புரியவைக்க, ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் பூட்ஸும் போட்டுப் பங்களாவைச் சுற்றி நடந்து காட்ட வேண்டியிருந்தது. துரை ஒத்துக்கொண்டார். புல்லுக்குப் பழையபடி கத்தி, டிராக்டருக்குச் சேற்று டயர் என்று முடிவானது.

பல் டயர் மாட்டியும் போதவில்லை. குட்டி டிராக்டருக்கு எடை இல்லை, அருளப்பனுக்கு அதைவிட இல்லை. இதற்கு ஒரு வழி உண்டு. பின் டயருக்குள் முக்கால் பங்கு தண்ணீரை ஏற்றி, மீதிக்குக் காற்றடித்துவிட்டால் கனம் கூடி மண்ணில் அழுந்தும். டிராக்டர் ஓடுகிற எல்லா ஊரிலும் செய்கிற வேலைதான். கடை வாசலில் வண்டியை நிறுத்தி, தண்ணீர் பைப்பில் ரப்பர் குழாயை மாட்டி ஏற்றிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்துச் சூசை டவுனுக்கு வந்திருந்தார். மாப்பிள்ளை ஓட்டுகிற வண்டி என்று யாரோ சொல்லவும், குடையும் வெள்ளைச் சட்டையுமாக நேரே வந்துவிட்டார். அருளப்பன் கோயிலில் நிற்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

சூசை பைப்பிலிருந்து டயர் வரை குழாயைக் கண்ணால் தொடர்ந்து வந்தார். பிறகு டயரிலிருந்து பைப் வரை திரும்பிப் போனார். "வண்டியக் கழுவுறீங்களா தம்பி?" என்று கேட்டார். உள்ளே ஊற்றுகிறேன் என்றேன். எடை, பிடிப்பு, வழுக்கல் என்று எல்லாவற்றையும் விளக்கினேன். நான் விளக்க விளக்க அவர் முகம் இருண்டுகொண்டே போனது. தேங்காயை ஆட்டிப் பார்ப்பது போலச் சக்கரத்தைக் கொஞ்சம் அசைத்து, காதை வைத்துக் கேட்டார். மாதக் கடைசியில் துரை பார்க்கும்போது நானும் வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்தார். நாலடி போனவர் மனசு கேட்காமல் திரும்பினார்.

"காத்துக்கே பஞ்சம் புடிச்ச தோட்டத்துக்கா எம் பொண்ணக் குடுக்கப் போறேன்?"

கங்காணி நடக்கும் பாதை

தண்ணீர் ஏற்றிய பிறகு டிராக்டர் ஆடு மாதிரி மலை ஏறியது. அருளப்பனுக்கு முகத்தில் களை வந்தது, எனக்குக் கொஞ்ச நாள் தூக்கம் வந்தது. அதைக் கெடுக்கத்தான் ரெங்கசாமி கங்காணி வந்தார். காலையில் ஆட்களைக் கணக்கெடுத்துக் கீழ்க்காட்டுக்குக் கூட்டிப் போகிறவர் அவர். பெருமாள் பக்தர். விடியுமுன் குளித்து நெற்றியில் நாமம் போடாமல் வாசற்படி தாண்ட மாட்டார். ஆள் கடைக்குள் வரவில்லை. வெளியே நின்றபடியே விரலால் என்னைக் கூப்பிட்டு, தோட்டத்து லோரியில் ஏற்றிக்கொண்டு போய், மழையில் நனைந்த செம்மண் பாதையின் உச்சியில் கீழே பார்க்க நிறுத்தினார். காலையில் வெறும் வண்டியாக இறங்கிப் போன டிராக்டரின் தடம் அழுத்தமாகப் பதிந்திருந்தது. என்ன தெரியுது என்று கேட்டார். டயர் தடம் என்றேன். நல்லாப் பாரு என்றார். பார்த்தேன். சேற்று டயரின் பல் கூராகச் சேர்ந்து விரிகிற அமைப்பு உங்களுக்குத் தெரியும். அதன் அச்சு, தொழிற்சாலை வாசலிலிருந்து கீழ்க்காடு வரைக்கும், இரண்டு வரிசையாக, நாமம் நாமமாக இறங்கிப் போயிருந்தது. ஒரு தடவை கண்ணில் பட்டுவிட்டால் பிறகு அதை வேறு எதுவாகவும் பார்க்க முடியாது.

கங்காணி அதை மிதிக்க மறுத்துவிட்டார். அவர் மிதிக்காத பாதையில் அவருடைய ஆட்களும் மிதிக்கவில்லை. எல்லாரும் ஓரத்து வாய்க்காலில் இறங்கி ஒருவர் பின் ஒருவராக நடந்தார்கள். கொழுந்து கிள்ளத் தாமதம், பெண்கள் காலெல்லாம் அட்டை, துரைக்குக் கோபம். கீழே நின்று மேல்நோக்கிப் பார்த்தால் இது நாமமே இல்லை, தலைகீழாகத்தான் தெரியும் என்று வாதாடிப் பார்த்தேன். "வேலைக்குக் கீழ தானப்பா போறோம்" என்றார். சாயங்காலம் திரும்பும்போது தடமெல்லாம் சேறாகிக் கிடக்கும் என்பதும் உண்மை. டயரைத் திருப்பி மாட்டச் சொன்னார். அப்படி மாட்டினால் பல்லில் சேறு அப்பிக்கொள்ளும், மேலே ஏறாது என்றேன். அதற்குள் அருளப்பன் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். "மாட்டிக் குடுத்துருங்கண்ணே. கங்காணி ஆள எறக்கலன்னா கொழுந்து ஏது? கொழுந்தே இல்லாம நான் எத ஏத்திக் காட்டுறது?" அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கங்காணி எங்கள் இருவரையும் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மண்ணக் கவ்வுதோ கவ்வலியோ, அது உங்க பாடு. கீழ எறங்குற நாமத்த நான் மிதிக்க மாட்டேன்."

மலை ஏறிய விதம்

வேறு வழியில்லாமல் டயரைத் திருப்பி மாட்டிக் கொடுத்தேன். மாதக் கடைசி வந்தது, சொல்லிவைத்த மாதிரி மழையும் வந்தது. தொழிற்சாலை வாசலில் துரை ஒரு குடைக்குள், சூசை ஒரு குடைக்குள். நான் பாதி வழியில் வளைவில், சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க ஒரு கல்லோடு நின்றேன். பின்னால் கட்டிய பெட்டி நிறையக் கொழுந்தோடு அருளப்பன் ஏறி வந்தான். ஈரக் கொழுந்து பெட்டியில் அதிக நேரம் கிடந்தால் சூடேறி வீணாகிவிடும். திருப்பி மாட்டிய டயர் நான் சொன்னதைத்தான் செய்தது. வளைவுக்கு வருமுன்பே பல்லெல்லாம் சேறு அப்பி, டயர் மொழுமொழுவென்று ஆகிவிட்டது. வண்டி நின்ற இடத்தில் உறுமியது, பின்னால் வழுக்கியது, பாதையில் ஒரு சுற்றுச் சுற்றி, மூக்கு பள்ளத்தையும் முதுகு தொழிற்சாலையையும் பார்க்க நின்றுவிட்டது.

அருளப்பன் இறங்கவில்லை. "அந்த மருந்து டாங்கிய எங்க வச்சேன்னே மறந்துட்டேண்ணே" என்றான். பின்னால் ஆட்கள் ஏறி வர வழி விடலாம் என்று, வண்டியை ஓரங்கட்ட ரிவர்ஸ் கியர் போட்டான். டயர் மண்ணைக் கவ்வியது. வண்டி ஓரத்துக்குப் போகவில்லை, மேலே போனது. திருப்பி மாட்டிய டயர், திருப்பி ஓட்டினால் நேர்தானே. அது என் மண்டைக்கு அப்போதுதான் எட்டியது. கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டு, நிறுத்தாதே, அப்படியே வா என்று கத்தினேன். கழுத்தைப் பின்னால் முறுக்கிக்கொண்டு, முதலில் கொழுந்துப் பெட்டி, அதற்கு மேல் ஒரு தலை, கடைசியில் டிராக்டர் என்று அருளப்பன் மலை முழுவதையும் பின்பக்கமாகவே ஏறினான்.

சூசை ஆடிப்போய்விட்டார். "மாப்ளைக்கு நேரா ஓட்டத் தெரியாதா?" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார். துரை பெட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தார். கொழுந்து சூடேறவில்லை. "நேரா ஓட்ட எவன் வேணா கெடைப்பான்யா. இப்படி ஓட்ட என்கிட்ட இவன் ஒருத்தன்தான் இருக்கான்" என்றார். சூசை குடையை மடக்கினார். கல்யாணம் நடந்தது. தன் மருமகன் ரிவர்ஸ் டிரைவர் என்று, அது ஏதோ பெரிய கிரேடு போல, சூசை சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஆனால் அந்த நிமிஷம் எனக்குக் கவலை வேறாக இருந்தது. டயரும் தலைகீழ், ஓட்டமும் தலைகீழ் என்றால் பாதையில் விழுவது திரும்பவும் நாமம். அதுவும் ஆட்களோடு மேலே ஏறி வருகிற கங்காணியின் கண்ணுக்கு நேராக. வளைவில் அவர் நின்றார். கீழே பார்த்தார். தடத்தோடு கண்ணை மெல்ல உயர்த்தி, அது தொழிற்சாலை வாசல் வரை ஏறிப் போயிருப்பதைப் பார்த்தார். டயரைக் கழற்ற ஸ்பேனர் எடுக்கலாமா என்று நான் திரும்பினேன். அவர் ஆட்களை ஓரமாக ஒதுங்கச் சொல்லிவிட்டு, மழையில் கை கூப்பினார்.

"பெருமாள் இருக்குறது மலை மேலதான, ஏறாம வேற எங்க போவாரு? இப்பத்தான் நீ டயர ஒழுங்கா மாட்டிருக்க."

டயர் பார்ப்பதற்கு மண்ணும் மழையும் எடையும் மட்டும் போதாது, பெண் வீட்டார் சம்மதமும் கங்காணியின் நெற்றியும் பார்க்க வேண்டும் என்று எந்த டயர் கம்பெனிக்காரரும் இன்றுவரை என்னிடம் சொன்னதில்லை.