கடை வாசலில் விழுந்த வெள்ளைக் கோடு

எங்கள் அத்தாவுக்குச் சந்தேகம் பசி மாதிரி. வேளை தவறாமல் வரும். அன்று காலை அரிசிக் கடையைத் திறக்க வந்தவர், வாசலுக்கு நேரே ரோட்டில் பட்டை பட்டையாக வெள்ளைக் கோடுகளைப் பார்த்து, சாவியும் கையுமாக நின்றுவிட்டார். பக்கத்துத் தெருவில் இப்படித்தான் முதலில் சுவரில் கோடு போட்டார்கள். பிறகு பொக்லைன் வந்து கடைகளின் முன்பக்கத்தை இடித்துவிட்டுப் போனது.

எதிரே டீக்கடை வைத்திருந்தவரை நாங்கள் மாமா என்றுதான் கூப்பிடுவோம். "ஜனங்க ரோட்டத் தாண்டறதுக்காம் பாய்" என்றார் அவர்.

"நம்ம ஊர்ல எவன் கோடு பாத்துத் தாண்டிக்கினு இருக்கான்? சோழியன் குடுமி சும்மா ஆடுமா? இது இடிக்கறதுக்கு அளவு!"

பெயிண்ட் அடித்தவர்களுக்கு டீ கொடுத்தது மாமாதான் என்று தெரிந்ததும், இடத்தைக் காட்டிக்கொடுத்தவர் அவரே என்று அத்தா முடிவுகட்டினார். அங்கே டீ குடிப்பதையே நிறுத்தினார். காலிச் சாக்குகளைக் காயப்போடும் சாக்கில் கோடுகளை மூடினார். யாரும் அதில் கால் வைக்கக் கூடாதென்று வீட்டுக்கும் உத்தரவு.

அம்மா மட்டும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எதிர்ச்சாரியிலிருந்த பள்ளிக்கூடத்துக்கு என்னைக் கூட்டிப்போகையில், சாக்கைக் காலால் ஒதுக்கிவிட்டுக் கோட்டின் மேலேயே நடந்தாள். அத்தா மளிகைக்காரரிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை. அன்றைக்கு அவர்மீதும் சந்தேகம்.

எனக்கோ அம்மா மேல்தான் சந்தேகம். அதற்கு முந்தின மாதம் ரோட்டைத் தாண்டும்போது ஒரு லாரி என்னை உரசிக்கொண்டு போனது. நான் தப்பினேன், செருப்பு நசுங்கிப்போனது. அம்மா என்னைக் கட்டிக்கொண்டாள். ஆனால், "செருப்பு அறுந்து போச்சுன்னு சொல்லு. லாரி கீரின்னு அத்தாகிட்ட வாயத் தொறக்காத" என்றாள். பொய் சொன்னால் உதைக்கிற அம்மாவா இது!

லாரி உரசிய அந்த வாரமே, வீட்டில் துணி தைத்துக்கொடுக்கும் அம்மாவிடம் கவுன்சிலர் வீட்டம்மா ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வந்தார். பெருநாள் துணிகளையெல்லாம் ஒதுக்கிவிட்டு, அம்மா அதை அன்றைக்கே தைத்தாள். கதவோரம் நின்று இருவரும் வெகுநேரம் குசுகுசுத்தார்கள். என்னைக் கண்டதும், "இன்னா பாக்கற? போய் வெளையாடு" என்று விரட்டினாள். எத்தனை நாள் அழுதும் என் பாவாடையைத் தைக்காதவள், அவருக்கு மட்டும் ஓடி ஓடித் தைக்கிறாளே என்று எனக்கு ஒரே ஆத்திரம்.

பொக்லைன் வரவேயில்லை. அத்தா கடைசிவரை டீக்கடை மாமாவைத்தான் சந்தேகப்பட்டார். வீட்டுக்குள் ஆள் தேடவில்லை.

லாரி விஷயம் தெரிந்திருந்தால் அன்றோடு என் படிப்பை நிறுத்தியிருப்பார். இது எனக்கு விளங்கியபோது, நானே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தேன்.