ஹாரன் கேட்ட நினைவில்லை

கடைத்தெரு முனையில் சாவி வெட்டுகிறவருக்குத் திக்குவாய். அதிலும் "ச" வந்தால் நாக்கு அப்படியே ஒட்டிக்கொள்ளும். "தொழில் பேரைச் சொல்லவே பாதி நாள் போயிடும்" என்று மைத்துனன் கேலி செய்வான். வாடிக்கையாளரிடம் அவர் விரலைத்தான் காட்டுவார்: ஒன்றா, இரண்டா?

அப்படிப்பட்டவர் ஒரு விபத்துக்குச் சாட்சியாகிவிட்டார். கடைக்கு எதிரே பின்னோக்கி வந்த ஒரு வேன், துணிக்கடையில் வேலை பார்க்கும் பெண்ணை இடித்துக் காலை முறித்துவிட்டது. முதலில் ஓடிப்போய்த் தூக்கியவர் இவர். அன்றிலிருந்து தெருவே இவரை "நேர்ல பாத்தவரு" என்றது. ஏழெட்டு மாதம் அதற்குத் தலையாட்டியதில் அவருக்கே அது பழகிவிட்டது.

கோர்ட்டில் ஏறிச் சொல்லவேண்டும் என்றதும் அவருக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. அந்தப் பெண்ணின் வக்கீலம்மா நேரில் வந்தார்.

"பயப்படாதீங்க. உங்க நிலைமையைச் சொல்லி அனுமதி வாங்கிட்டேன். எழுதிக் குடுத்தாப் போதும். எதிர்த்தரப்பு குறுக்கு விசாரணை கேட்டாதான் நீங்க வரணும்."

பேனாவுக்குத் திக்குவாய் இல்லை. ஒரே மூச்சில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தார். மூன்றாம் நாள் வக்கீலம்மாவின் குமாஸ்தா டைப் அடித்துக் கொண்டுவந்தபோது அது மூன்று பக்கமாக வளர்ந்திருந்தது. "வேன் ஹாரன் அடிக்காமல் அதிவேகமாகப் பின்னோக்கி வந்து மோதியதை என் கண்ணால் கண்டேன்" என்றது இரண்டாம் பக்கம்.

கண்டேனா? அப்போது அவர் கண் சாவியின் பல்லில் அல்லவா இருந்தது? நிமிர்ந்தபோது அவள் தரையில் கிடந்தாள். அப்படியானால் வேன் வருகிற காட்சி மனசுக்குள் இத்தனை தெளிவாக எப்படி ஓடுகிறது? தெரு பேசிப் பேசி உள்ளே நுழைத்ததா?

"ச... சத்தம் கேட்டுத்தான் நிமிந்தேன்."

"அதேதாண்ணே. கேட்டீங்க, பாத்தீங்க."

"ஹா... ஹாரன்?"

"கேட்டுச்சா?"

"கேக்கல."

"அப்ப அடிக்கல. போடுங்க கையெழுத்த."

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. ஆனால் சாவி வெட்டும் மெஷின் ஓடும்போது எதிரே நிற்கிறவர் கூப்பிடுவதே காதில் விழாதே! ஒரு நாள் தவணை கேட்டு வாங்கினார்.

"அந்தப் பொண்ணு நொண்டிக்கிட்டு வேலைக்குப் போகுது. ஒரு கையெழுத்துப் போட்டா உங்க கை தேஞ்சா போயிடும்?" என்றாள் மனைவி.

மறுநாள் காலை மெஷினை ஓடவிட்டு, மைத்துனனை எதிர்ப்பக்கம் ஸ்கூட்டரோடு நிறுத்தி ஹாரன் அடிக்கச் சொன்னார். மூன்று முறை கேட்டது.

"ஆறு தடவை அடிச்சேன் மாமா!"

"நாலுதான்" என்றாள் சாப்பாடு கொண்டுவந்த மனைவி.

மூன்றா, நாலா, ஆறா? இன்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். அன்று அப்படியா நின்றார்? பேனாவை எடுத்தார். கண்ணால் கண்டதாகச் சொன்ன வரியைக் கோடு போட்டு அடித்தார். "சத்தம் கேட்டு நிமிர்ந்தேன். அதற்குமுன் வேனைப் பார்க்கவில்லை. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஹாரன் கேட்ட நினைவில்லை. அடிக்கவில்லை என்று சொல்ல என்னால் முடியாது" என்று ஓரத்தில் எழுதினார்.

குமாஸ்தா தலையில் கைவைத்துக்கொண்டார். வக்கீலம்மா இரண்டு முறை படித்தார். "இது நமக்கு உதவுமா, அவங்களுக்கு உதவுமான்னே எனக்குப் புரியல. உண்மைன்னா இப்படியே போகட்டும்." திருத்திய இடங்களிலும் கையெழுத்து வாங்கி, பிரமாணம் செய்வித்து, தாக்கல் செய்தார்.

கோர்ட்டிலிருந்து அழைப்பு வரவேயில்லை. நான்கு மாதம் கழித்து அந்தப் பெண் கைத்தடியோடு கடைக்கு வந்தாள்.

"ஜெயிச்சிட்டோம்ணே. உங்க பேப்பரைப் படிச்சிட்டு, உங்களை விசாரிக்கவே வேணாம்னுட்டாரு வேன்காரங்க வக்கீல்."

"அ... அது நல்லதா, கெட்டதா?"

"எனக்கும் தெரியலண்ணே. வக்கீலம்மாகிட்ட கேட்டேன். அவங்களும் சிரிச்சிட்டுப் போயிட்டாங்க."

அவள் போன பிறகு வெகுநேரம் அவர் மெஷினை ஓடவிடவில்லை. தெருவில் போகிற ஒவ்வொரு வண்டியின் ஹாரனும் துல்லியமாகக் கேட்டுக்கொண்டிருந்தது.