பெட்டிக்கு அடியில் ஒரு தேதி

டிஷ்ஷை மாட்டி, சிக்னல் பிடித்து, படம் தெரிந்ததும் வீட்டில் எல்லோரும் டி.வி.யைப் பார்ப்பார்கள். பேச்சிமுத்து மட்டும் செட்டாப் பெட்டியைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு சட்டைப்பையில் மார்க்கரைத் தேடுவார். பெட்டிக்கு அடியில் கறுப்பு மையில் ஒரு தேதியை எழுதி, வாயால் ஊதிக் காயவைத்து, வீட்டுக்காரரிடம் காட்டாமல் படி இறங்க மாட்டார். இரண்டு வருட ஒப்பந்தம் முடிகிற தேதி அது. “ஒப்பந்தப் பாரத்தத் தொலைச்சுப்புடுவீங்க. பெட்டியத் தொலைக்க மாட்டீங்கள்ல?” கெடு முடிந்து பெட்டி கடைக்குத் திரும்பினால், ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் அந்தத் தேதியை அழிப்பதும் அவரேதான். பழைய தேதி கிடந்தால் அடுத்து வாங்குகிறவர் குழம்பிப்போவார்.

ஒத்தக்கடையில் ஜெயக்கொடி நடத்தும் டிஷ் கடைக்குப் பதினாறு வருடமாக அவர்தான் ஆள். வயது ஐம்பத்து மூன்று. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் ஏறி நின்று, நாக்கைக் கடித்துக்கொண்டு, டிஷ்ஷை நூல் பிசகாமல் திருப்புவார். கீழேயிருந்து “வந்துருச்சு” என்று சத்தம் வரும்வரை மூச்சே விடமாட்டார் போலிருக்கும்.

வேலையில் சுத்தம். வாய்தான் கடைக்கு எதிரி. பெட்டியைச் சொந்தமாக வாங்கினால் ஒரு கட்டுப்பாடும் இல்லை, வேண்டாதபோது நிறுத்திக்கொள்ளலாம். வாடகைக்கு எடுத்தால் முதலில் செலவு குறைவு. ஆனால் இரண்டு வருடம் ஓட்டியே ஆக வேண்டும், முடிந்ததும் பெட்டியைத் திருப்பித் தர வேண்டும். கடைக்கு லாபம் வாடகைப் பெட்டியில்தான். இவரோ ஆக்டிவேஷனுக்கு முன்னால் ஒரு கேள்வியைப் போடுவார். “ரெண்டு வருசம் இங்கிட்டுத்தான் இருப்பீங்களா? நல்லா ரோசிச்சுச் சொல்லுங்க.” கப்பலூர் கம்பெனிகளுக்கு வேலைக்கு வந்து லைன் வீட்டில் தங்கியிருப்பவர்கள் கொஞ்சம் தலையைச் சொறிந்தால் போதும். “உங்களுக்கு இது ஆகாது. சொந்தப் பெட்டி வாங்குங்க.”

“அண்ணே, வார ஆளையெல்லாம் இப்பிடி வெரட்டிவிட்டா நான் கடையில ஈ ஓட்டவா?” என்று ஜெயக்கொடி தலையில் அடித்துக்கொள்வார்.

“இருக்க முடியாதவங்கள இருப்பேன்னு கையெழுத்துப் போடச் சொல்றது பாவம் தாயி.”

இந்தப் பேச்சை அவர் மனைவி மலையம்மாள் தினமும் சோற்றுத் தட்டுக்கு எதிரே உட்கார்ந்து கேட்டவர். வினையே அதுதான்.

இரண்டு வருடத்துக்கு முந்திய ஆவணியில், டாக்டர் பேச்சிமுத்துவை மட்டும் தனியே கூப்பிட்டு, மலையம்மாளுக்கு இன்னும் நாலு மாதம், மிஞ்சினால் ஐந்து என்றார். வீட்டுக்கு வந்து “ரத்தம் கம்மியாம்” என்று சொல்லிவைத்தார் பேச்சிமுத்து. அதே வாரம் இடி இறங்கி வீட்டிலிருந்த பழைய பெட்டி கருகிப்போனது. கட்டிலோடு கிடக்கிறவருக்குப் பகல் கழிய வேண்டுமே.

கடையில் இரண்டு வகைப் பெட்டியும் இருந்தன. ஊருக்கெல்லாம் சொன்ன நியாயப்படி சொந்தப் பெட்டியை எடுத்திருக்க வேண்டும். எடுக்கத்தான் போனார். ஆனால் அதைக் கொண்டுபோய் நீட்டினால் மலையம்மாளுக்கு விளங்கிவிடும். டாக்டர் சொல்லாததைப் பெட்டி சொல்லிவிடும். வாடகைப் பெட்டியையே எடுத்து, பாரத்தில் மனைவி பேரை எழுதிக்கொண்டு போனார்.

அந்தக் கேள்வியையும் கேட்டாக வேண்டியிருந்தது. கேட்காவிட்டால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும். விளையாட்டுப்போலக் கேட்டார். “ரெண்டு வருசம் இங்கிட்டுத்தான் இருப்பீங்களாம்மா? நல்லா ரோசிச்சுச் சொல்லுங்க.”

மலையம்மாள் அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். “எங்கிட்டுப் போகப்போறேன்? இருப்பேன்” என்று பாரத்தில் கையெழுத்துப் போட்டார். பிறகு கையை நீட்டினார். “மார்க்கரக் குடுங்க. தேதிய நானே எழுதுறேன்.”

பெட்டியைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு 18.8.25 என்று எழுதினார். இரண்டு எட்டும் கோணிக்கொண்டன. “தெரிஞ்சுக்கிட்டுத்தான் எழுதுனா” என்பார் பேச்சிமுத்து இன்றைக்கும்.

மார்கழியில் மலையம்மாள் போய்ச் சேர்ந்தார். இறப்புச் சான்றிதழைக் காட்டினால் ஒப்பந்தத்தை அன்றைக்கே முடித்துக்கொள்ளலாம். மதுரைக்கு அந்தப் பக்கம் பரவைவரை அலைந்து எத்தனையோ வீடுகளுக்கு முடித்துக் கொடுத்தவர் அவர். தன் வீட்டில் மட்டும் செய்யவில்லை. “ரெண்டு வருசம்னு சொல்லிருக்காள்ல. ஓடட்டும்.” மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தால் டி.வி.யைப் போட்டுவிட்டு, அதைப் பார்க்காமல், காலிக் கட்டிலைப் பார்த்தபடி உட்கார்ந்து சாப்பிடுவார்.

அந்தத் தேதியும் வந்தது. அந்த மாடலுக்கு இனி நீட்டிப்புக் கிடையாது, பெட்டி திரும்பி வர வேண்டும் என்று கம்பெனி சொல்லிவிட்டது. ஜெயக்கொடியே வீட்டுக்கு வந்தார். பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தவர் சட்டென்று நிமிர்த்தி வைத்தார்.

“தொலைஞ்சுபோச்சுன்னு எழுதிருவோம்ணே. நான் பாத்துக்கிறேன். வச்சுக்கங்க.”

“கம்பெனிப் பெட்டி தாயி அது. ஒருக்காப் பொய் சொன்னதே போதும்.”

ஒயர்களைக் கழற்றினார். கட்டிலோரம் தரையில் உட்கார்ந்து, துணியை ஸ்பிரிட்டில் நனைத்தார். மேல்பக்கத்தைத் துடைத்தார். பக்கங்களைத் துடைத்தார். ஒயர் சொருகும் துளைகளையும், நான்கு ரப்பர் கால்களையும் விடவில்லை. பிறகு பெட்டியைக் கவிழ்த்து, துணியை விரல்நுனியளவுக்கு மடித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, கோணல் எட்டுகளைச் சுற்றியிருந்த தூசியை மட்டும், மையில் பட்டுவிடாமல், மெல்லத் துடைத்தெடுத்தார்.