எச்சரிக்கைச் சூடு

கடலில் சுடப்பட்டுச் செத்த என் அண்ணனை அடக்கம் செய்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. விசாரணைக்கு வந்த அதிகாரி எனக்குப் பாடம் நடத்தினார். "எச்சரிக்கைச் சூடுன்னா ஆளைக் குறிபார்த்துச் சுடுறது இல்லம்மா. தலைக்கு மேல, வானத்தைப் பார்த்துச் சுடுறது." இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

"வாங்க சார்" என்று கரையில் கிடந்த எங்கள் விசைப்படகுக்கு அவரைக் கூட்டிப்போனேன். ரோந்துக் கப்பலைக் கண்டால் எஞ்சினை அணைத்துவிட்டு, தளத்தில் உட்கார்ந்து இரண்டு கையையும் தூக்குவதுதான் எங்கள் ஆட்களின் வழக்கம். ஓடினால் சுடுவார்கள், நின்றால் சந்தேகப்படுவார்கள். அண்ணனும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தான். அவன் முதுகு சாய்த்திருந்த பலகையில் குண்டு பாய்ந்த ஓட்டை இருந்தது.

"இங்கன உட்காருங்க" என்றேன். தயங்கி உட்கார்ந்தார். "கையைத் தூக்குங்க." தூக்கினார். "இப்பத் திரும்பிப் பாருங்க."

ஓட்டை அவருடைய கழுத்துக்கு நேராக இருந்தது.

"இதுல வானம் எங்கன சார் இருக்கு?"

விருட்டென்று எழுந்தார். கால்சட்டையில் ஒட்டிய மீன்செதிலைத் தட்டிவிட்டு, நின்றபடியே அறிக்கையில் எழுதினார்: எச்சரிக்கைச் சூடு.