தட்டைப் பலகை, தொப்பிப் பலகை

கமரா வந்தது. லென்ஸும் வந்தது. இரண்டையும் சேர்க்கிற பலகை வரவில்லை.

இப்படி ஒரு கமராவைப் பலர் கண்டிருக்க மாட்டீர்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். மடித்தால் அது ஒரு மரப்பெட்டி. விரித்தால் பின்னால் ஒரு மங்கல் கண்ணாடி, முன்னால் ஒரு சட்டம், நடுவில் மடிப்பு மடிப்பாக ஒரு துருத்தி. முன்சட்டத்தில் உள்ளங்கை அளவில் சதுரமாக ஒரு ஓட்டை இருக்கும். அதில் ஒரு பலகை பொருந்த வேண்டும். பலகையின் நடுவில் வட்டத் துளை, துளையில் லென்ஸ். அந்தப் பலகையைத்தான் விற்றவன் அனுப்பவில்லை என்று ஒரு பின்னேரம் முழுக்கத் திட்டித் தீர்த்தேன். பிறகு விளம்பரத்தைத் திரும்ப வாசித்துப் பார்த்தால், பலகை இல்லை என்று தெளிவாகவே போட்டிருந்தான். பிழை என்னுடையது என்றதும் கோபம் இன்னும் கூடிவிட்டது.

தன்னாமுனையில் வாவிக் கரையோரம் என் வீடு. அரச அலுவலகம் ஒன்றில் கட்டட வரைபடம் கீறும் படவரைஞராக இருக்கிறேன். வயது ஐம்பத்து மூன்று. பிள்ளைகள் இல்லை. நாலு வருடத்துக்கு முன் மனைவி, படுக்கையில் விழுந்த தாயைப் பார்க்கவென்று களுவாஞ்சிக்குடிக்குப் போனாள். சில மாதங்களில் தாய் காலமானார். முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து எல்லாரும் கலைந்தோம். அவள் என்னோடு வரவில்லை. வா என்று நானும் கேட்கவில்லை. சண்டை ஒன்றும் நடக்கவில்லை. நடந்திருந்தால் சமாதானம் பேச யாரையாவது அனுப்பியிருக்கலாம். நடக்காத சண்டைக்கு யாரை அனுப்புவது?

என்னோடு குடித்தனம் நடத்துவது லேசில்லை, அது எனக்குத் தெரியும். அவள் சுவரில் கலண்டர் மாட்டினால் நான் ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு வருவேன். முற்றத்தில் உடுப்புக் காயப்போடக் கொடி கட்டினால் இரண்டு முனையும் ஒரே உயரமா என்று அளப்பேன். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்து முதல் சில வருடங்கள் சிரித்தாள். பகிடி இல்லை என்று விளங்கிய பிறகு கலண்டர் மாட்டுவதையே விட்டுவிட்டாள்.

இப்போது வேலை விட்டு வந்து கதவைத் திறந்தால், காலையில் குடித்த தேத்தண்ணிக் கோப்பை வைத்த இடத்திலேயே இருக்கும். ஒரு அங்குலம்கூட நகர்ந்திருக்காது. வீட்டில் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும் என்று காலமெல்லாம் கத்தினவன் நான். இப்போது அந்தக் கோப்பையை நானே நகர்த்தி வைத்துவிட்டுத்தான் உட்காருகிறேன். அந்த நேரத்தைப் போக்கத்தான் இந்தக் கமரா.

பலகையை இங்கேயே செய்விக்கலாம் என்று முடிவெடுத்தேன். லென்ஸின் பின்பக்கத்து மரையை இடுக்கிமானியால் மூன்று தரம் அளந்தேன். அறுபத்தைந்து மில்லிமீட்டர். அளவில் சிக்கல் இல்லை. எந்த மாதிரிப் பலகை என்பதில்தான் சிக்கல். சாதாரணமாகப் போடுவது தட்டைப் பலகை. இன்னொன்று தொப்பி கவிழ்த்தது போல முன்னுக்குப் புடைத்திருக்கும். அதைப் போட்டால் லென்ஸ் இன்னும் கொஞ்சம் முன்னே தள்ளி நிற்கும். கிட்டத்தில் உள்ளதைத் தெளிவாகப் பிடிக்க அந்தத் தள்ளல் வேண்டும்.

என் லென்ஸ் முந்நூறு மில்லிமீட்டர். துருத்தியை முழுக்க இழுத்தால் முந்நூற்றைந்து வரும். அலுவலகத்தில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கணக்குப் போட்டேன். தட்டைப் பலகை என்றால் பதினெட்டு மீட்டருக்கு இந்தப் பக்கம் நிற்கிற எதுவும் தெளிவாகாது. நாலு சென்ரிமீட்டர் புடைத்த தொப்பிப் பலகை என்றால் இரண்டே கால் மீட்டருக்குச் சற்றுக் கூடிய தூரத்தில் ஒரு ஆளை உட்கார வைக்கலாம். முகமும் தோளும் படம் நிறைய வரும்.

காத்தான்குடியில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒருவரிடம் போனேன். என்னைவிட மூத்தவர், அவருடைய ஊரில் அண்ணனை அழைப்பதுபோல நானும் காக்கா என்றுதான் கூப்பிடுவேன். இரண்டு வரைபடத்தையும் மேசையில் விரித்தேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஆளப் புடிக்கவா சேர், இடத்தப் புடிக்கவா?” என்று கேட்டார்.

இவ்வளவு கணக்குப் போட்ட எனக்கு இந்தக் கேள்வி தோன்றவில்லை. யாரைப் பிடிப்பது? அலுவலகத்துப் பையன்மாருக்குக் கைபேசி இருக்கிறது. பக்கத்து வீட்டாரோடு வேலிச் சண்டை, அதுவும் நான் அளந்து தொடங்கினது. இரண்டே கால் மீட்டரில் வந்து உட்காரச் சொல்ல எனக்கு ஒரு ஆள் இல்லை. இடத்தைத்தான் என்றேன். அவர் தட்டைப் பலகையின் வரைபடத்தை எடுத்துக்கொண்டு மற்றதை மடித்து என்னிடமே தந்தார்.

பலகை நன்றாகவே வந்தது. அலுமினியம், உள்பக்கம் மினுங்காத கறுப்பு மை. துருத்திக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தேன், எங்கும் ஒளி கசியவில்லை. ஆறு மாதம் வாவியைப் படமாக எடுத்தேன். தோணிகள், கரையோரச் சேற்றில் வளரும் கண்ணாப் பற்றைகள், வலைக் கம்புகளில் குந்தியிருக்கும் நீர்க்காகங்கள். குளியலறையை இருட்டாக்கிப் பிலிமைக் கழுவினேன். படங்களில் ஆட்களும் இருந்தார்கள். வீச்சுவலைக்காரர், தூண்டில்காரர். எல்லாரும் பதினெட்டு மீட்டருக்கு அப்பால், நெல்மணி அளவில். ஒருவருக்கும் என்னைத் தெரியாது. ஒருநாள் முற்றத்தில் பதினெட்டு மீட்டர் அளந்து பூவரசின் கீழ் ஒரு கதிரையைப் போட்டுக் குவியம் சரிபார்த்தேன். கதிரை நல்ல தெளிவு. கறுப்புத் துணிக்குள் தலையை வைத்தபடி அந்த வெறும் கதிரையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்று அழுதேன்.

மாதத்தின் முதல் ஞாயிறு மனைவி தொலைபேசி எடுப்பாள். கூரை ஒழுகுகிறதா, கரண்ட் பில் வந்ததா என்பதோடு முடிந்துவிடும். வைகாசியில் எடுத்தபோது, லண்டனில் இருக்கும் தம்பியிடம் போகிறேன், விசா வந்துவிட்டது, இந்த மாதக் கடைசியில் பயணம் என்றாள். எவ்வளவு காலத்துக்கு என்று கேட்டேன். அங்கேயே இருக்கத்தான் என்றாள். பிறகு, பாஸ்போட் படத்தில் தன் முகம் வேறு யாரோபோல இருக்கிறது என்று சிரித்தாள்.

“நான் ஒரு படம் எடுக்கட்டா?” என்றேன்.

வாயிலிருந்து எப்படி வந்ததோ தெரியாது. சரி, வந்து எடுங்க என்றாள்.

படம் ஒரு சாட்டுத்தான். போகாதே என்று அவளிடம் கேட்க வேண்டும். நாலு வருடமாகக் கேட்காததை இந்த நாலு கிழமைக்குள் கேட்டாக வேண்டும். தொலைபேசியில் கேட்க எனக்கு வாய் வராது என்பது ஊருக்கே தெரியும். கையில் ஒரு வேலை இருந்தால் ஒருவேளை வரலாம்.

மடித்துத் தந்த வரைபடத்தைத் தேடி எடுத்துக்கொண்டு அடுத்த நாளே பட்டறைக்குப் போனேன்.

“இப்ப ஆள் இரிக்கா சேர்?”

“இரிக்கு காக்கா. போகப்போகுது.”

அவர் வரைபடத்தை வாங்கிக்கொண்டார். தடித்த குழாய்த் துண்டொன்றைக் கடைந்து தகட்டோடு இணைத்தார். கையில் இருந்த மற்ற வேலையை ஒதுக்கி வைத்து இரண்டே நாளில் முடித்துத் தந்தார்.

ஒரு சனிக்கிழமை இரண்டு பஸ் மாறிக் களுவாஞ்சிக்குடிக்குப் போனேன். கமராப் பெட்டி மடியில், முக்காலி காலுக்கு இடையில். கொண்டக்டர் அது என்ன இசைக்கருவி என்று கேட்டான். நான் முறைத்ததில் பேசாமல் போய்விட்டான்.

அவள் மெலிந்திருந்தாள். முன்தலை நன்றாக நரைத்திருந்தது. முன் விறாந்தையில் வெளிச்சம் அளவாக விழுந்தது. அங்கே கதிரையைப் போட்டு, கமராவை விரித்து, தொப்பிப் பலகையைப் பூட்டினேன். துருத்தியை எல்லைவரை இழுத்தேன். அளவுநாடாவை எடுத்ததும், நான் கேட்காமலே எழும்பி வந்து ஒரு முனையை வாங்கிப் போய், உட்கார்ந்து, தன் கன்னத்தோடு பிடித்துக்கொண்டாள். இரண்டு மீட்டர் முப்பது. சரியாக இருந்தது.

கறுப்புத் துணிக்குள் தலையை விட்டேன். மங்கல் கண்ணாடியில் எதுவும் தலைகீழாகத்தான் தெரியும். அவள் தலைகீழாக இருந்தாள். குவியத்தைத் திருப்பத் திருப்ப அவளுடைய நரைமுடி ஒவ்வொன்றாகத் தெளிந்து வந்தது, பிறகு கண். இருபது வருடம் ஒரு வீட்டில் இருந்தும் அவளுடைய இடது புருவத்துக்குள் ஒரு தழும்பு இருப்பதை அன்றுதான் பார்த்தேன். துணிக்குள் இருந்தபடியே கேட்டேன்.

“போகாம இருக்க ஏலாதா?”

கண்ணாடியில் அவள் அசையவில்லை. முன்வீதியில் ஒரு பஸ் போனது.

“நாலு வருசம் இஞ்சதானே இருந்தன். ரெண்டு பஸ் தூரம்,” என்றாள். குரலில் கோபம் இல்லை. “இப்ப டிக்கட் எடுத்தாச்சு.”

நான் துணிக்குள்ளேயே நின்றேன். வெளியே வர முகம் இல்லை. பிறகு வந்து ஷட்டரை மூடி, பிலிம் சட்டத்தைச் செருகி, ஷட்டரை இயக்கும் வெளியீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கமராவுக்குப் பக்கத்தில் நின்றேன். ஒரு வினாடி அசையக்கூடாது, லென்ஸையே பார் என்றேன். ஓம் என்று தலையாட்டினாள். எடுத்தேன். தேத்தண்ணி தந்தாள், குடித்தேன். பஸ் தரிப்புவரை கூட வந்தாள். அவ்வளவுதான் நடந்தது.

அவள் லண்டனுக்குப் போய்ப் பத்து நாளுக்குப் பிறகுதான் பிலிமைக் கழுவ மனம் வந்தது. படம் ஊசிமுனைத் தெளிவு. இமை மயிரை எண்ணலாம். ஆனால் கண் லென்ஸைப் பார்க்கவில்லை. முதலில் எரிச்சல் வந்தது, சொன்னதைக் கேட்கவில்லையே என்று. உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தேன். பார்வை லென்ஸிலிருந்து சற்று விலகி, சற்று மேலே போகிறது. அது நான் நின்ற இடம். அந்த ஒரு வினாடி முழுக்க அவள் என்னைத்தான் பார்த்திருக்கிறாள். நான் ஷட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.