மூக்குக்கண்ணாடிச் சின்னத்தில் நின்ற என் வக்கீல்

வக்கீல் குமாஸ்தா வேலையில் ஒரு விஷயம் சீக்கிரமே புரிந்துவிடும்: கட்சிக்காரர் வக்கீலிடம் சொல்வது ஒன்று, வெளியே வந்து குமாஸ்தாவிடம் சொல்வது இன்னொன்று. கறுப்புக் கோட்டுக்குப் பின்னால் கேஸ் கட்டு சுமந்து தோள் இறங்கியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. எனக்குப் படிப்பு பத்தாம் வகுப்போடு சரி. கட்டுகளைத் தைக்கும்போது படித்துப் படித்துத்தான் சட்டம் கற்றேன். மனிதர்களைப் பற்றி எந்தக் கட்டிலும் எழுதியிருக்கவில்லை. அதனால் அந்த வேலையில் இருந்தவரை எனக்கு அதிர்ச்சிக்குக் குறைவில்லை.

கடைசி வாய்தா

சவரிமுத்து வக்கீலை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது பூந்தமல்லி கோர்ட்டுக்கு எதிரே, பஸ் நிறுத்தத்தில். வெள்ளிக்கிழமை சாயங்காலம். கொய்யாப்பழம் ஒன்று வாங்கி, கோட்டில் துடைத்து, பாதியை என்னிடம் நீட்டினார். "திங்கக்கிழமை கால்வாய் கேஸ் முதல்ல கூப்பிடுவாங்க. அம்பத்தூர் பஸ்ஸ நம்பாதே, சீக்கிரம் கெளம்பு" என்றார். அவருடைய பஸ் வந்தது. படியில் நின்றபடியே போனார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றிக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கள்ளிக்குப்பத்தில் அவர் வீட்டு வாசலில் நான் நின்றிருந்தேன். கோவில்பதாகையிலிருந்து ஒரு கட்சிக்காரர் ஓடிவந்தார். வரப்புத் தகராறில் எட்டு வருஷமாக எங்களோடு நடப்பவர். உடலைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். என்னைக் கட்டிப்பிடித்தும் அழுதார். அழுகை அடங்கியதும் என் காதோரம் கேட்டார்: "அய்யா பூட்டாரு, சரி. என் கேஸு கட்டு யாராண்ட கீது?"

எது ஆதாரம்?

அந்தக் கால்வாய் கேஸ் எப்படித் தொடங்கியது என்று சொல்ல வேண்டும். ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் போக கள்ளிக்குப்பம் பின்பக்கம் ஒரு கால்வாய் இருந்தது. எண்பதுகளில் அதன் கரையில் குடிசைகள் வந்தன. பிறகு லாரி செட் ஏகாம்பரம், பழைய கட்டடங்களை இடித்த கல்லையும் மண்ணையும் கொண்டுவந்து கால்வாயிலேயே கொட்டினார். மேடான பிறகு கயிறு கட்டி, மனை என்று விற்றார். அந்த வருஷ மழைக்குத் தண்ணீர் போக வழியில்லாமல் தெருவுக்குள் திரும்பியது. வக்கீல் வீட்டு அலமாரியின் அடித்தட்டிலிருந்த சட்டப் புத்தகங்கள் ஊறி இட்லி மாதிரி உப்பிவிட்டன.

வக்கீல் மனு எழுதினார். அப்போது நகராட்சிக்குத் தேர்ந்தெடுத்த மன்றம் கிடையாது. எல்லாம் தனி அலுவலர் ஆட்சி. முழங்கால்வரை சேறு காய்ந்த பேன்ட்டோடு நாங்கள் இரண்டு பேரும் ஒரு அதிகாரி முன் நின்றோம். அவர் மனுவை முழுக்கப் படித்தார். அது நல்ல அறிகுறி என்று நினைத்தேன். "தண்ணி போவுது, அதனால அது கால்வாய்ங்கறீங்க. மழை பேஞ்சா என் ஆபீஸுக்குள்ளயும்தான் சார் தண்ணி போவுது. இத கால்வாய்னு சொல்லிட முடியுமா?" என்று கேட்டார்.

சுவரில் ஒரு மூஞ்சி

பல வருஷம் மனு போட்டுக் களைத்தபின், தொண்ணூறுகளில் நகராட்சித் தேர்தல் வந்தது. கவுன்சிலரானால் மன்றத்துக்குள்ளிருந்தே கேட்கலாம், கால்வாயைத் தோண்டவைக்கலாம் என்று வக்கீல் சுயேச்சையாக நின்றார். எதிர்த்து நின்றவர்களில் பலமானவர் அதே ஏகாம்பரம். அவர் ஜெயித்தால் மிச்சக் கால்வாயும் மனையாகிவிடும் என்பது தெருவில் எல்லாருக்கும் தெரியும்.

வக்கீலுக்குக் கிடைத்த சின்னம் மூக்குக்கண்ணாடி. அவருக்கு மகா சந்தோஷம். சோடாபுட்டிக் கண்ணாடி போட்டவர் அவர். கழற்றிவிட்டால் எதிரில் வருவது ஆளா, விளக்குக் கம்பமா என்று தெரியாது. "நான் நடந்து போனாலே பிரசாரம்யா" என்றார்.

சுவரில் வரைய வந்த ஓவியர் கண்ணாடியை மட்டும் வரைந்துவிட்டுப் போனார். மறுநாள் யாரோ அதற்குக் கீழே மூக்கும் மீசையும் போட்டிருந்தார்கள். அதற்கடுத்த நாள் நாக்கும் தொங்கியது. என் மனைவி ரஞ்சிதம் அப்போது உயிரோடு இருந்தாள். திருமுல்லைவாயிலிலிருந்து என்னோடு ஒருநாள் வந்தவள், அந்த மூஞ்சி எதையும் கவனிக்காமல், இன்னும் யாரும் கைவைக்காத வேறொரு சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அந்தாளு முழுசா நிக்கக்கூடாதா? வெறும் கண்ணாடி நின்னா யாருங்க ஓட்டுப் போடுவா?" என்றாள்.

பட்டா

வீடு வீடாக ஓட்டுக் கேட்டோம். கால்வாய்க்கரைக் குடிசைகளுக்குப் போக வேண்டாம் என்று நான் கெஞ்சினேன். அவர் கேட்கவில்லை. அங்கே பட்டம்மாள் என்று ஒரு அம்மாள், இட்லி விற்பவர். அவர் சொன்னால் இருபது குடும்பம் கேட்கும். முறத்தை ஒதுக்கிவைத்துவிட்டு நேரடியாகவே கேட்டார்: "ஜெயிச்சா பட்டா வாங்கித் தருவியா?"

நம் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்த இடத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று தெரியும். 'பார்க்கலாம்மா' என்றால் போதும், அதில் பொய்யும் இல்லை. வக்கீல் சொன்னார்: "கிடைக்காதும்மா. இது நீர்வழிப் புறம்போக்கு, சட்டத்துல வழியில்ல. நான் ஜெயிச்சா கால்வாயத் தோண்டணும். தோண்டினா இந்த வீடு நிக்காது. வேற எடம் கேட்டு உங்களுக்காக நானே மனு போடுவேன். கிடைக்குமான்னு இப்போ உறுதி சொல்ல முடியாது."

என் கையிலிருந்த நோட்டீஸ்கள் நழுவின. குனிந்து பொறுக்கவும் தோன்றவில்லை. பட்டம்மாள் கோபப்படவில்லை. உள்ளே போய் இரண்டு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நாங்கள் குடித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னார்: "வந்தவனெல்லாம் பொய்ய சொல்லி ஓட்ட வாங்கிகினு போனான். நீ நெசத்த சொல்லிட்டு இன்னாத்த வாங்கிகினு போவப் போற?"

நூறு மீட்டர்

ஓட்டுப்பதிவு பள்ளிக்கூடத்தில். நான் அந்த வார்டுக்காரன் இல்லை, வராந்தாவுக்கு வெளியே நின்றேன். வக்கீல் சலவைச் சட்டையோடு வரிசையில் நின்று வாசலை எட்டியபோது, ஏகாம்பரத்தின் மைத்துனர் கையை நீட்டி மறித்தார். "சாவடிலேர்ந்து நூறு மீட்டருக்குள்ள சின்னத்தக் காட்டக்கூடாது. இவரு மூஞ்சிலயே மாட்டிகினு வர்றாரு" என்றார். வரிசையில் சிரிப்பு. சத்தம் கேட்டு வெளியே வந்த தேர்தல் அதிகாரிக்குச் சிரிப்பு வரவில்லை. அவரும் கண்ணாடி போட்டிருந்தார். அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "அப்ப நான் என்ன சார் பண்றது?" என்று வக்கீலிடமே கேட்டார்.

"நீங்க வேட்பாளர் இல்ல, போட்டுக்கலாம்" என்றார் வக்கீல். பிறகு சற்று யோசித்தார். நான் கும்பிடாத குறையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோர்ட்டில் எதிர்த்தரப்பு நல்ல பாயின்ட் சொன்னால் தலையசைத்து ஒப்புக்கொள்வது அவர் பழக்கம். அங்கேயும் தலையசைத்தார். "என் விஷயத்துல ஆட்சேபணை சரிதான்" என்று சொல்லிக் கண்ணாடியைக் கழற்றினார். காற்றில் துழாவி அதை என்னிடம் நீட்டினார். வரிசையில் நின்ற இரண்டு கிழவர்களும் எதற்கு வம்பு என்று தங்கள் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்கள்.

"பார்வை இல்லாதவங்க துணைக்கு ஆள் வெச்சுக்கலாமே சார்" என்றேன். "நான் பார்வை இல்லாதவன் இல்லையே. கண்ணாடி இல்லாதவன்தானே" என்று சொல்லிவிட்டு, சுவரைத் தடவிக்கொண்டு உள்ளே போனார். வெகுநேரம் ஆயிற்று. வெளியே வந்தவரைக் கையைப் பிடித்துத் தெருமுனைக்குக் கூட்டிவந்தேன். நம் சின்னத்தில்தானே குத்தினீர்கள் என்று கேட்டேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டே சொன்னார்: "ரகசிய வாக்கெடுப்புய்யா. எனக்கே தெரியாத அளவுக்கு ரகசியம்."

ஒரு ஓட்டு

எண்ணும் இடத்தில் நான் அவருடைய ஏஜென்டாக உள்ளே இருந்தேன். கால்வாய்க்கரைக் குடிசைகளிலிருந்து ஒரு ஓட்டும் வராது என்று நினைத்திருந்தேன். வந்திருந்தது. கடைசியில் ஏகாம்பரம் ஒரே ஒரு ஓட்டு கூட. அதிகாரி மறுபடி எண்ணினார். அதே ஒரு ஓட்டு. சந்தேகத்துக்கு ஒதுக்கிவைத்ததில் ஒரே ஒரு சீட்டு மிச்சம் இருந்தது. அதில் முத்திரை எல்லாப் பெயர்களுக்கும் மேலே, வெற்று இடத்தில், சுத்தமாக ஆழமாகக் குத்தியிருந்தது. மூக்குக்கண்ணாடிதான் சீட்டில் முதல் சின்னம். அதற்கு அரை விரல் மேலே.

நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். அந்தச் சீட்டை எங்களுக்குத் தள்ளினால் சமம் ஆகிவிடும், குலுக்கல் நடக்கும். அதிகாரி நல்ல மனுஷன். "கிட்டத்துல இருக்கிற சின்னத்துக்குன்னு எடுத்துக்கலாமா, என்ன சொல்றீங்க?" என்று கேட்டார். கேட்டது என் வக்கீலிடம். அவர் சீட்டை வாங்காமல் குனிந்து, கண்ணாடி சீட்டில் படும் அளவுக்குக் கிட்டே போய்ப் பார்த்தார். முகம் கொஞ்சம் மாறியது. அதை நான் ஒருவன்தான் பார்த்தேன் என்று நினைக்கிறேன்.

"எந்தக் கட்டத்துக்குள்ளயும் விழல. செல்லாது" என்றார்.

மாலை வாங்கிக்கொண்ட ஏகாம்பரம், போகும்போது எங்கள் பக்கம் வந்தார். கேலியாகக்கூட இல்லை, நிஜமாகவே விளங்காத குரலில் சொன்னார்: "வக்கீலே, ஒன்ன தோக்கடிக்க நான் தேவையே இல்லபோல கீதே."

அடுத்த வாதி

தோற்ற பிறகுதான் அவர் தன் பெயரிலேயே, தானே வாதியாக, கால்வாய் மேல் வழக்குப் போட்டார். கொட்டியதை எடுக்க வேண்டும், மேற்கொண்டு கட்டக்கூடாது என்று. இடைக்காலத் தடை கிடைத்தது. கவுன்சிலர் ஏகாம்பரத்தின் லாரி அந்தப் பக்கம் வருவது நின்றது. அந்தத் திங்கட்கிழமை கூப்பிட இருந்தது இந்த வழக்கைத்தான்.

வாதி இறந்தால், கெடுவுக்குள் வேறொருவர் அந்த இடத்துக்கு வந்து சேர வேண்டும். இல்லையென்றால் வழக்கு அற்றுப்போகும், தடையும் போய்விடும். காசு வாங்காமல் ஆஜராக அவருடைய ஜூனியர் தயாராக இருந்தார். வேண்டியது அந்தத் தெருவில் ஒரே ஒரு பெயர். வக்கீலின் மனைவி, "அவர் நெஞ்ச அடைச்சதே இந்தக் கால்வாய்தான், என்னை விட்டுடுங்க" என்று சொல்லி மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். ரஞ்சிதம் இறந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. வீட்டில் உட்கார முடியாமல் நான் கள்ளிக்குப்பம் முழுக்கக் கதவு தட்டினேன். எல்லாரும் நாற்காலி போட்டார்கள், வக்கீலைப் புகழ்ந்தார்கள், காபி கொடுத்தார்கள். பெயர் கொடுக்கவில்லை.

கடைசி வீடு ஒரு ஓய்வுபெற்ற வாத்தியாருடையது. மழைக்கு மழை அவர் கட்டிலுக்குக் கீழே செங்கல் வைத்து உயர்த்துவதை நானே பார்த்திருக்கிறேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். தெருவை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைப் பாதி சாத்தினார். "தண்ணி வருஷத்துக்கு ரெண்டு தடவைதான் குமாஸ்தா வருது. ஏகாம்பரம் தினமும் இந்த வழியாத்தான் போறாரு" என்றார்.

வழக்கு அற்றுப்போனது, வக்கீல் தோண்டவைக்க நினைத்த இடத்தில் இப்போது ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது, ஐப்பசி முகூர்த்தம் என்றால் மட்டும் அங்கே பந்தியை மாடியில் போடுகிறார்கள்.